பனிக்கடலில் துணிச்சல் விளையாட்டு

அண்டார்டிகா என்றதும் விஞ்ஞானிகளும் ஆராய்ச்சிக் கூடாரங்களும்தான் நமக்கு ஞாபகம் வரும். “குடும்பப் பெண்களுக்கு அங்கே என்ன வேலை?” என்று சகோதரிகள் கேட்பது காதில் விழுகிறது. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை அந்தப் பக்கத்தில் கோடைகாலம். அந்த ஐந்து மாதத்துக்குள் கப்பலில் போய் அண்டார்டிகாவைப் பார்த்து வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரு பருவத்துக்கு 1 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பேரன் பேத்தி எடுத்த பாட்டிமார்களும் நிறைய உண்டு.

லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் 1966-ல் சுற்றுலாப் பயணிகளை அங்கே அழைத்துப் போய்க் காட்டினார். 1969-ல் இதற்கென்றே ஒரு சிறு கப்பலையும் கட்டினார். இன்று நடக்கிற பிரயாணங்களுக்கெல்லாம் அவர் போட்டதுதான் பாதை. நாற்காலியில் சாய்ந்து பனிமலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பிரயாணம் இல்லை இது. ரப்பர் படகில் கரைக்குப் போகிறார்கள், பனியில் மலை ஏறுகிறார்கள், துடுப்புப் போடுகிறார்கள், பனியிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். போதாததற்கு அந்தக் கடலில் முங்கியும் எழுகிறார்கள்!

என் நாத்தனாருக்கு 60 வயது நிறைந்தபோது, அமெரிக்காவில் இருக்கும் அவருடைய மகன் இந்தப் பிரயாணத்தைப் பரிசாகக் கொடுத்தான். அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை; பூகோளம் சொல்லிக் கொடுத்தவர். உலகப் படத்தின் அடியில் வெள்ளையாக இருக்கிற அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று நெடுநாள் ஆசை. துணைக்கு நான். 2024 டிசம்பரில் போய் வந்தோம். செலவு லட்சக் கணக்கில். எல்லாரும் கிளம்புங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அங்கே கற்றுக்கொண்ட ஒரு விஷயம் நம் வீட்டுக் கூடத்திலேயே உபயோகப்படுவது என்பதால் எழுதுகிறேன்.

முதல் துணிச்சல் ஒரு காகிதத்தில்

புறப்படுவதற்குப் பல மாதம் முன்பே ஒரு படிவம் வந்தது. என்னென்ன வியாதி, என்னென்ன மாத்திரை, என்ன ஆபரேஷன், பிடிமானம் இல்லாமல் படி ஏற முடியுமா, தரையிலிருந்து தானாக எழுந்திருக்க முடியுமா என்று ஏகப்பட்ட கேள்விகள். குடும்ப டாக்டரும் அதில் கையெழுத்துப் போடவேண்டும்.

உறவுக்காரர் ஒருவர் போனில் யோசனை சொன்னார். “பி.பி.யை எழுதாதீங்க. எழுதினா ஏத்த மாட்டாங்க. மாத்திரையைப் பையிலே போட்டுக்கிட்டுப் பேசாமப் போயிட்டு வாங்க.”

அக்கா அன்று இரவு பூராவும் அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு யோசனையாகவே இருந்தார். அவர் பயம் நியாயமானதுதான். இத்தனை வருஷத்து ஆசை ஒரு வரியால் கெட்டுவிடுமோ? ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறதே! கப்பலில் ஒரு டாக்டரும் ஒரு சிறு வைத்திய அறையும்தான் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி என்றால் கடல் தாண்டி இரண்டு நாள். கிங் ஜார்ஜ் தீவில் விமானம் இறங்கும் ஓடுபாதை ஒன்று இருக்கிறது. மேகமும் காற்றும் விட்டால்தான் விமானம் வரும். இப்படிப்பட்ட இடத்தில் நம் உடம்பைப் பற்றித் தெரியாமல் ஒருவர் நமக்கு வைத்தியம் செய்வது எத்தனை ஆபத்து!

காலையில் அக்கா பேனாவை எடுத்தார். 9 வருஷமாக பி.பி. மாத்திரை என்று எழுதினார். வலது முழங்காலில் வலி என்று எழுதினார். மூன்றாவதாக எழுதியதைப் பார்த்து எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது என்று எழுதினார். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் புழங்குகிறோம், எனக்குத் தெரியாது.

“என்ன அக்கா, சொல்லவே இல்லையே?” என்றேன்.

“சொல்றதுக்கு என்னம்மா இருக்கு, வெட்கக்கேடு. மூணு பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்” என்றார்.

எங்கள் குடும்ப டாக்டரம்மா அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. பிரசவம் ஆன பெண்களுக்கு இது மிகச் சாதாரணமாக வருவது, சரி செய்யவும் முடியும் என்று சொல்லி ஒரு பயிற்சி கற்றுக் கொடுத்தார். சிறுநீரைப் பாதியில் அடக்குவதுபோல அந்த இடத்துத் தசைகளை மட்டும் உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கவேண்டும். 5 எண்ணும் வரை பிடித்து மெல்ல விடவேண்டும். ஒரு வேளைக்கு 10 தடவை, நாளைக்கு 3 வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் கூடாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். நடுவில் விட்டுவிட்டால் பலனில்லை. அக்கா காய் நறுக்கும்போதும் டி.வி. பார்க்கும்போதும் விடாமல் செய்தார். கப்பல் ஏறும்போது முக்கால்வாசி குறைந்துவிட்டது. முழங்காலுக்கும் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகள் கொடுத்தார்கள்.

கப்பல்காரர்கள் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. “எதெதில் கலந்துகொள்ளலாம் என்பதைக் கப்பல் டாக்டர் பார்த்துச் சொல்வார்” என்று மட்டும் பதில் வந்தது.

இரண்டு நாள் ஆட்டம்

அர்ஜென்டினா நாட்டின் தென்கோடியில் இருக்கும் உஷுவாயா துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். பீகிள் கால்வாயைத் தாண்டியதும் டிரேக் நீரிணை. தடுக்க ஒரு துண்டு நிலம்கூட இல்லாமல் காற்று உலகத்தைச் சுற்றி அடிக்கும் கடல் அது. அமைதியாக இருந்தால் ‘டிரேக் ஏரி’ என்பார்களாம். கொந்தளித்தால் ‘டிரேக் குலுக்கல்’. எங்களுக்குப் போகும்போது குலுக்கல்தான்.

கப்பலில் முதல் பாடம்: ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு. நடக்கும்போது ஒரு கை எப்போதும் கம்பியைப் பிடித்திருக்கவேண்டும். கதவின் விளிம்பைப் பிடிக்கவே கூடாது. ஒரு குலுக்கலில் விரல் நசுங்கிவிடும்.

கடல் மயக்கத்துக்கு மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவதில் பிரயோஜனம் இல்லை, முன்கூட்டியே போடவேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டையும் உண்டு. கண்ணில் நீர் அழுத்த நோய் இருக்கிறவர்களுக்கு அது ஆகாது என்பதால் டாக்டரைக் கேட்காமல் ஒட்டக்கூடாது. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. நான் கொண்டு போயிருந்த சுக்குப் பொடியும் உப்பு பிஸ்கெட்டும் கை கொடுத்தன. சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. சைவம் என்று முன்பே எழுதியிருந்ததால் சாதம், பருப்பு, காய்கறி, தயிர் எல்லாம் கிடைத்தது. பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் எங்கள் பங்கு!

புடவைக்கு விடுமுறை

பயந்த அளவுக்குக் குளிர் இல்லை. டிசம்பரில் தீபகற்பக் கரையோரம் 0 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் காற்று அடித்தால் எலும்பு வரை போகும்.

உடுப்பு மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டிய அடுக்கு வேர்வையை வெளியே தள்ள, நடு அடுக்கு சூட்டைப் பிடித்து வைக்க, மேல் அடுக்கு காற்றையும் தண்ணீரையும் தடுக்க. முதல் அடுக்குப் பருத்தியாக இருக்கக் கூடாது. நம் ஊருக்கு அமிர்தமான பருத்தி அங்கே விரோதி. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். மெல்லிய கம்பளிதான் நல்லது. விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட, நாலு விரலும் சேர்ந்திருக்கும் பை போன்ற உறைதான் கதகதப்பு. இரண்டு ஜோடி காலுறையைத் திணித்துப் பூட்ஸை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் ஜில்லிட்டுப் போகும். அதனால் மெட்டியைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து பெட்டியில் வைத்தேன்.

அக்காவுக்கு ஆயுளில் முதல் கால்சட்டை. கண்ணாடி முன்னால் நின்று, “என் ஸ்கூல் பிள்ளைங்க பார்த்தா என்ன சொல்லும்!” என்று சிரித்தார். அரை மணி நேரத்தில் அதுவும் பழகிவிட்டது.

கறுப்புக் கண்ணாடியும் வெயில் தடுப்புக் களிம்பும் மிகவும் அவசியம். புதுப் பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவிகிதம் வரை திருப்பி வீசும். மேலிருந்தும் கீழிருந்தும் வெயில் என்பதால் மோவாய்க்கு அடியிலும் மூக்கின் அடியிலும்கூடக் களிம்பு தடவிக்கொள்ளவேண்டும்.

ரப்பர் படகும் மாலுமிப் பிடியும்

கரைக்குப் போவது ‘சோடியாக்’ என்ற ரப்பர் படகில். சுமார் 10 பேர் அதன் குழாய் விளிம்பில் உட்காரவேண்டும். கப்பலின் படியிலிருந்து அலையில் ஏறி இறங்கும் படகில் கால் வைப்பதுதான் சாமர்த்தியம். விரல்களைக் கோத்துக்கொண்டால் வழுக்கிவிடும். படகோட்டி நம் முன்கையைப் பிடிக்க, நாம் அவர் முன்கையைப் பிடிக்கவேண்டும். இதற்கு ‘மாலுமிப் பிடி’ என்று பெயர். அவர் “வா” என்றால்தான் கால் வைக்கவேண்டும். படகில் எழுந்து நிற்கக் கூடாது. அக்காவின் முழங்கால் விஷயம் படிவத்தில் இருந்ததால் அவரை எப்போதும் அலை சற்று அடங்கும் நேரம் பார்த்து, இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

கிளம்பும் முன் ஒரு பெரிய சுத்தபத்தம்! ஜேப்புகளையும் பைகளையும் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்கிறார்கள். துணியில் ஒட்டும் பட்டைகளில் விதை சிக்கியிருந்தால் ஊசியால் எடுக்கிறார்கள். மனிதர்களோடு வந்த ஒரு வகைப் புல் கிங் ஜார்ஜ் தீவில் வேரூன்றி, அதைப் பிடுங்க விஞ்ஞானிகள் படாத பாடு பட்டிருக்கிறார்கள். பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கித்தான் இறங்கவேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி முக்கல். பறவைக் காய்ச்சல் கிருமி 2023-ல் தென் ஜார்ஜியா தீவிலும், 2024 பிப்ரவரியில் அண்டார்டிக் தீபகற்பத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் கரையில் உட்காரவோ, மண்டியிடவோ, பையைக் கீழே வைக்கவோ கூடாது. ஒரு கடலை மிட்டாய்கூட எடுத்துப் போகக் கூடாது.

ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றி வரும் கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. 1959-ல் கையெழுத்தான அண்டார்டிக் ஒப்பந்தத்தின் கீழ் இப்படிப் பல கட்டுப்பாடுகள். இந்தியாவும் 1983-ல் அதில் சேர்ந்திருக்கிறது.

பனியில் நடை

கியூவர்வில் தீவில் ஜென்டூ பென்குவின்கள் ஆயிரக்கணக்கில். கூடு என்பது கூழாங்கல் வட்டம்தான். பக்கத்து வீட்டுக் கல்லைத் திருடி வந்து தன் கூட்டில் வைப்பதும், சண்டை வருவதும் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். முட்டையை அம்மாவும் அப்பாவும் முறை போட்டுக்கொண்டு அடைகாக்கின்றன. “பார்த்துக்கோ, வீட்டுக்குப் போய்ச் சொல்லணும்” என்றார் அக்கா!

பென்குவினுக்கு 5 மீட்டர் தூரத்தில்தான் நிற்கவேண்டும். அவை நடந்து நடந்து பனியில் பாதை போட்டு வைத்திருக்கின்றன. நாம் குறுக்கே வந்தால் நின்று வழி விடவேண்டும். பனியில் நம் கால் ஆழமாகப் புதைந்தால் அந்தக் குழியை மூடிவிட்டுத்தான் நகரவேண்டும். இல்லாவிட்டால் பென்குவின் அதில் விழுந்து மாட்டிக்கொள்ளும். இதற்காகவே சில இடங்களில் காலில் அகலமான பனிப் பாதுகை கட்டிவிடுகிறார்கள். முறம் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் இருக்கும். கால்களைச் சற்று அகட்டி வைத்து, இரண்டு கையிலும் தடி ஊன்றி நடக்கவேண்டும். இறங்கும்போதுதான் முழங்காலில் பாரம் அதிகம் என்பதால் அக்கா பாதி மேடு வரை ஏறிவிட்டு, “எனக்கு இது போதும்” என்று அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

நெகோ துறையில் பனியாறு உடைந்து கடலில் விழுவதைப் பார்த்தோம். இடிபோலச் சத்தம், பிறகு அலை கரைக்கு ஓடி வரும். அதனால் அங்கே நீர் ஓரமாக நிற்க விடுவதில்லை.

பெண்களுக்கு முக்கியமான ஒரு விஷயம். கரையில் கழிப்பறை கிடையாது, ஒதுங்கவும் கூடாது. ஒன்றரை, இரண்டு மணி நேரம் தாங்கவேண்டும். குளிரில் சிறுநீர் அதிகமாகவே ஊறும். இதற்குப் பயந்து பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அது தப்பு. வறண்ட குளிர்காற்றில் உடம்பில் நீர் வற்றினால் தலைவலி, மயக்கம், சிறுநீர்த் தாரையில் எரிச்சல் எல்லாம் வரும். இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை நன்றாகக் குடித்து, பிறகு காபி, டீயை மட்டும் நிறுத்தி, கடைசி நிமிஷத்தில் போய் வந்தால் சரியாக இருக்கிறது. பஸ்ஸில் வெளியூர் போகும்போது தண்ணீரே குடிக்காமல் இருக்கும் நம்மவர்களுக்கும் இதே யோசனைதான்.

துடுப்பு எனக்கு, ஜன்னல் அவருக்கு

கயாக் என்ற குறுகிய துடுப்புப் படகில் காலை நீட்டி, முழங்காலைச் சற்று மடக்கி வெகு நேரம் உட்காரவேண்டும். அக்காவுக்கு அது ஒத்து வராது. நான் சிறு வயதில் காவிரியில் நீச்சல் பழகியவள். இரண்டு பேர் உட்காரும் படகில், கற்றுக்குட்டிகளுக்கான ஒரு மணி நேரத் துடுப்புக்குப் பெயர் கொடுத்தேன்.

கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் புகாத ரப்பர் பட்டி வைத்த முழு உடுப்பு போட்டுவிடுகிறார்கள். வழிகாட்டி முன்னால், காவல் படகு பின்னால். மிதக்கும் பனிப்பாறைக்குக் கிட்டே போகக் கூடாது. அதன் பெரும் பகுதி தண்ணீருக்குள். திடீரென்று புரண்டால் படகு தாங்காது. துடுப்பை நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள் என்றார்கள். பனிக்கட்டியில் சிறைபட்டிருந்த காற்றுக் குமிழிகள் உருகி வெடிக்கும் சத்தம், எண்ணெயில் கடுகு பொரிவதுபோலக் கேட்டது. அந்த ஒரு மணி நேரம் வீடு, அடுப்பு, பால் கணக்கு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பனியில் ஒரு ராத்திரி தூங்குவதற்கும் இருவரும் பெயர் கொடுத்தோம். கூடாரம் இல்லை, பனியில் ஆள் நீளத்துக்குப் பள்ளம் வெட்டி, காற்றுப் புகாத உறைக்குள் தூக்கப் பையை வைத்து உள்ளே நுழைந்துவிடவேண்டும். அந்த மாதத்தில் இரவு முழுவதும் இருட்டுவதே இல்லை. சாப்பாடு கூடாது, தண்ணீர் மட்டும். பனிச்சுவருக்குப் பின்னால் ஒரு வாளி. அதையும் கப்பலுக்கே திருப்பி எடுத்து வரவேண்டும். எல்லாம் தயார் செய்த பிறகு காற்று ஏறியது. காப்டன் ஒரே வார்த்தையில் ரத்து செய்துவிட்டார். யாரும் வாக்குவாதம் செய்யவில்லை. அங்கே காற்றுக்குத்தான் முதல் மரியாதை.

முங்கலும் மறுப்பும்

பாரடைஸ் விரிகுடாவில் ஒரு மத்தியானம், கடலில் குதிக்க விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு. தண்ணீர் 0 டிகிரியை ஒட்டி. உப்பு இருப்பதால் கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரி வரை உறையாது.

இதில் ஆபத்து விறைத்துச் சாவது என்றுதான் நினைத்திருந்தேன். கப்பல் டாக்டரம்மா விளக்கினார். விறைப்பதற்கு நேரம் ஆகும். முதல் நிமிஷம்தான் மோசம். சில்லென்ற தண்ணீர் தோலில் பட்டதும் தன்னையறியாமல் பெருமூச்சு இழுக்கும். அப்போது தலை உள்ளே இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் சடாரென்று ஏறும். கனடாவில் கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற ஆராய்ச்சியாளர் ‘1, 10, 1’ என்று ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். மூச்சைக் கட்டுக்குக் கொண்டுவர 1 நிமிஷம், கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிஷம், குளிரால் நினைவு தப்ப சுமார் 1 மணி. இதய நோய், பி.பி., ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இறங்கக் கூடாது. மது அருந்தியவர்களுக்கும் அனுமதி இல்லை.

அக்கா தன் மாத்திரைச் சீட்டோடு டாக்டரம்மாவிடம் போனார். பி.பி. பார்த்தார், கட்டுக்குள்தான் இருந்தது. “சும்மா உட்கார்ந்திருக்கும்போது மாத்திரை கட்டுப்படுத்துகிறது. அந்தத் தண்ணீரில் அது என்ன செய்யும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்” என்றார் டாக்டர்.

கூட வந்த பயணி ஒருவர் விடவில்லை. “இவ்வளவு தூரம் வந்துவிட்டு இறங்காமல் போவதா? ஒரு நிமிஷம்தானே!” என்று அக்காவை உசுப்பினார்.

அக்கா ஆங்கிலத்தில் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “ஊரெல்லாம் சொல்றதைக் கேட்டு அறுபது வருஷம் ஆச்சு. இப்பதான் என் உடம்பு சொல்றதைக் கேக்க ஆரம்பிச்சிருக்கேன். நீ போய் முழுகிட்டு வா. நான் துண்டோட நிக்கிறேன்.”

எனக்குப் பி.பி.யும் இல்லை, வேறு தொந்தரவும் இல்லை. டாக்டரம்மா சரி என்ற பிறகு வரிசையில் நின்றேன். இடுப்பில் பெல்ட், அதில் கயிறு. தண்ணீரில் காவல் படகு, படியில் டாக்டர். தலைகீழாகப் பாயாமல் கால் முதலில் இறங்கினேன். ‘முருகா’ என்று கத்த நினைத்தேன். குரல் வரவில்லை, மூச்சுத்தான் உள்ளே இழுத்தது. கற்றுக்கொடுத்தபடி வாயால் ஊதி ஊதி மூச்சை வெளியே விட்டேன். ஆயிரம் ஊசி குத்தியதுபோல இருந்தது. அரை நிமிஷத்துக்குள் ஏணியைப் பிடித்து மேலே வந்துவிட்டேன். அக்கா சொன்னபடி துண்டோடு நின்றார். ஈரத்தை உடனே களைந்து, துடைத்து, கம்பளி போட்டு, உட்கார வைத்து, சுக்குக் காபி கொடுத்தார். உடனே சுடச்சுடக் குளிக்கக் கூடாது; தலை சுற்றி விழ நேரும்.

கங்கோத்திரி, பத்ரிநாத் என்று யாத்திரை போகும் பெரியவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். பனி உருகி வரும் ஆற்றில் ஒரே முங்காக முங்கக் கூடாது. கை, கால், முகம் என்று மெல்ல நனைத்துப் பழகி, கைபிடித்து இறங்கலாம். இதய நோயோ பி.பி.யோ இருந்தால் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். கங்கை கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஆபத்து இல்லாமல் இல்லை

லிண்ட்பிளாட் கட்டிய அந்தக் கப்பலே, பிற்காலத்தில் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற பெயரில் ஓடியபோது 2007 நவம்பர் 23 அன்று பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் ஏறித் தப்பினார்கள். 2022 நவம்பரில் எலிபண்ட் தீவுக்கு அருகே ஒரு ரப்பர் படகு அலையில் கவிழ்ந்து பயணிகள் 2 பேர் இறந்தார்கள். முதல் நாள் நடத்தும் உயிர்காப்புப் பயிற்சியை அரட்டை அடித்துக்கொண்டு கேட்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அவசரத்தில் நோயாளியை விமானத்தில் கொண்டு வரும் செலவையும் ஏற்கும் இன்ஷ்யூரன்ஸ் இல்லாமல் கிளம்பவும் கூடாது.

நமக்கு முன்னால் போனவர்கள்

அண்டார்டிகாவில் முதன்முதலாகக் குளிர்காலம் பூராவும் தங்கிய பெண்கள், 1947-48-ல் கணவர்களோடு போன எடித் ரோன், ஜென்னி டார்லிங்டன் என்ற இருவர். நம் நாட்டிலிருந்து 1983-84 பயணக் குழுவில் சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் இருவரும் முதல் இந்தியப் பெண்களாகப் போனார்கள். ஒருவர் பாறைகளை ஆராய்ந்தவர், மற்றவர் கடலை ஆராய்ந்தவர். ‘இஸ்ரோ’வைச் சேர்ந்த மங்களா மணி 56 வயதில் நம் பாரதி நிலையத்தில் ஒரு வருஷத்துக்கும் மேல் தங்கிப் பணியாற்றினார். அங்கே தங்கப் போகிற யாரானாலும் முதலில் உடம்பைப் பரிசோதித்துக்கொண்டுதான் கிளம்பவேண்டும். அங்கே மறைப்பதற்கு இடமில்லை.

நாம்தான் மறைக்கிறோம். காய்ச்சலை மறைத்துச் சமைக்கிறோம். மூட்டு வலியை மறைத்துத் தண்ணீர் தூக்குகிறோம். மாதவிலக்கு நிற்கும் காலத்துப் படபடப்பையும், பிரசவத்துக்குப் பின் வந்த கசிவையும், மார்பில் தட்டுப்படும் சிறு கட்டியையும் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி வருஷக் கணக்கில் வைத்திருக்கிறோம். அக்கா மூன்று வரி எழுதியதால் பிரயாணம் நிற்கவில்லை. ஒரு தொந்தரவு குறைந்தது, ஒரு முழங்கால் பலப்பட்டது, ஒரு முங்கல்தான் குறைந்தது.

சகோதரிகளே, அண்டார்டிகா எல்லாருக்கும் வாய்க்காது. வாய்க்கவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் டாக்டர் அறை எல்லாருக்கும் உண்டு. குழந்தைக்கு ஊசி போடப் போகிற இடத்தில் டாக்டர் உங்களைப் பார்த்து, “உங்களுக்கு ஏதாவது தொந்தரவு உண்டா அம்மா?” என்று கேட்டால், பழக்க தோஷத்தில் “ஒண்ணும் இல்லை டாக்டர்” என்று சொல்லிவிடாதீர்கள். இருப்பதைச் சொல்லுங்கள்.